மூன்று மாதம் என்று யார் சொல்வது?

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஷைனி எனக்குப் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற அதே துணை சுகாதார நிலையத்தில் இப்போது கிராம சுகாதார செவிலியாக இருப்பவள். எட்டு வருட சர்வீஸ். பிரசவம் பார்ப்பதிலும் பாம்புக்கடிக்கு முதலுதவி செய்வதிலும் கை நடுங்காதவள். அன்றைக்குக் குரல் நடுங்கியது.

"அக்கா, ஒரு ஆளு வந்து நிக்காரு."

"குடிச்சிட்டு வந்தானா?"

"இல்லக்கா. குடும்பக் கட்டுப்பாடு ஆப்பரேஷன் செய்யணுமாம்."

"யாருக்கு, பெண்டாட்டிக்கா?"

"அவருக்குத்தான் அக்கா!"

ஷைனி குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "எட்டு வருஷத்தில இப்பிடி ஒருத்தரும் வரல்ல. எந்த ரிஜிஸ்டர்ல எழுதணும்னே தெரியல்ல."

"பீரோவில கீழ்த்தட்டு. பச்சை அட்டை. அதுக்கு மேல எலி மருந்து டப்பா இருக்கும், பாத்து எடு."

"விளக்கம் சொல்லணுமே. இன்ஸ்பெக்டர் சார் லீவு. ஆம்பளைகிட்ட நான் எப்பிடி அதையெல்லாம் பறயியது? நாளைக்கு வரச் சொல்லட்டா?"

நான் கத்திவிட்டேன். பக்கத்து வீட்டு நாய் குரைக்கும் அளவுக்குக் கத்தினேன். "அனுப்பாத! கூட யாரு வந்திருக்கா?"

"பெண்டாட்டி. குவைத்தில நர்ஸாம். லீவில வந்திருக்கா. அடுத்த மாசம் திரும்பப் போவாளாம்."

"ரெண்டு பேரையும் ஒரே பெஞ்சில உக்கார வை. சாயா வாங்கிக் குடு. நான் கொஞ்ச நேரத்தில கூப்பிடுதேன்."

நான் ஏன் அப்படிக் கத்தினேன் என்று ஷைனி பிறகு கேட்டாள். சொன்னேன். செவிலியர் சங்க மலருக்கு இதையே எழுதித் தாருங்கள் என்றாள். சங்க மலரில் பொதுவாக ஓய்வு பெற்றவர்கள் தங்கள் அர்ப்பணிப்பைப் பற்றி எழுதுவார்கள். என்னிடம் அவ்வளவு அர்ப்பணிப்பு கிடையாது. ஒரு தப்பு இருக்கிறது, அதைத் தருகிறேன்.

எங்கள் பயிற்சி ஒன்றரை வருடம். பெண்ணின் உடம்பைப் படிக்கவே அந்த ஒன்றரை வருடமும் போயிற்று. ஆணின் உடம்புக்கு ஒரு வியாழக்கிழமை மத்தியானம் ஒதுக்கியிருந்தார்கள். பாடம் எடுக்க வந்த டாக்டர் கரும்பலகையில் படம் வரைந்தார், வரைந்ததைப் பார்த்து அவரே வெட்கப்பட்டார், அழித்துவிட்டு, மீதியைப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அந்தப் பக்கத்தை எங்களுக்கு முந்தின வருடத்துப் பிள்ளைகள் கிழித்துக்கொண்டு போயிருந்தார்கள். ஆக, ஆண்களைப் பற்றி ஒன்றும் தெரியாமலே அரசாங்கம் எனக்குச் சான்றிதழ் தந்தது. பிறகு கல்யாணமும் ஆயிற்று.

வேலை கிடைத்தது கருங்கல் சந்தைக்கும் தேங்காய்ப்பட்டணம் கடலுக்கும் நடுவே ஒரு ஊரில். பெயர் வேண்டாம். அங்குள்ளவர்கள் இன்னும் என்னைக் கல்யாணத்துக்கு அழைக்கிறார்கள், அதைக் கெடுத்துக்கொள்ள விருப்பமில்லை. ஒரு வீட்டில் இரண்டாவது பிள்ளை பிறந்ததும் நான் குடையும் பையுமாகப் போய்க் கேட்க வேண்டும்: இனிப் பிள்ளை வேண்டாமென்றால் ஆப்பரேஷன் யாருக்கு? கேள்வியில் இரண்டு பேர் இருந்தார்கள். பதிலில் எப்போதும் ஒருத்திதான்.

ரப்பர் வெட்டுகிறவர், மரத்துக்கு மரம் குனிய வேண்டும், முடியாது என்பார். கொத்தனார் பாரம் தூக்க வேண்டும் என்பார். வளைகுடாவில் இருப்பவர் அங்கே வெயில் அதிகம் என்பார். ஒரு தமிழாசிரியர் மட்டும், தன்னுடையது மூளை வேலை, அதனால் முடியாது என்றார். மூளைக்கும் அதற்கும் உள்ள தூரத்தை நான் அவருக்கு விளக்கவில்லை. இதையெல்லாம்விட அழகு, வீட்டுக்காரியின் பதில். புல் அறுத்து, ரப்பர் பால் வாளி சுமந்து, தண்ணீர் எடுத்து, மாமியாருக்குக் கஞ்சி வைத்துவிட்டு ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி சொல்வாள்: "அவருக்கு வேண்டாம் சிஸ்டர், வேலைக்குப் போற ஆளு. எனக்குச் செய்யுங்க. நான் வீட்டில சும்மாதானே இருக்கேன்."

என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுவதுதான் நியாயம். எங்களுக்கு இரண்டாவது மகன் பிறந்தபோது என் கணவரிடம் அதே கேள்வியைக் கேட்டேன். பள்ளி ஆசிரியர். சர்ச்சில் சம உரிமை பற்றி வருடத்துக்கு ஒருமுறை பேசுகிறவர். அவர் நன்றாக யோசித்துவிட்டு, "நீ அந்த டிப்பார்ட்மெண்ட் ஆச்சே, உனக்குன்னா நல்லாப் பாத்துக்கிடுவாங்க" என்றார். அப்படியே பார்த்துக்கொண்டார்கள். சிபாரிசில் எனக்குக் கிடைத்த ஒரே காரியம் அது.

இனி, எங்கள் வேலை முறையைச் சொல்ல வேண்டும். ஆண்களிடம் ஆண் பேச வேண்டும், பெண்களிடம் பெண் பேச வேண்டும். அப்படி ஒரு சர்க்குலரும் நான் பார்த்ததில்லை. ஆனால் பார்த்த எல்லாச் சர்க்குலர்களையும்விட ஒழுங்காக அதைக் கடைப்பிடித்தோம். பெண்களுக்கு நான். ஆண்களுக்கு சுகாதார ஆய்வாளர் டென்னிசன் சார். நல்ல மனிதர், ஒரு பழைய ஸ்கூட்டர் வைத்திருந்தார். கொசு, கிணறு, மஞ்சள் காமாலை என்று எதைப் பற்றியும் அரைமணி நேரம் பேசுவார். இந்த விஷயம் வந்தால் மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டு வானிலையைப் பற்றிப் பேசுவார். ஆணுறைப் பெட்டி என் பொறுப்பில் இருந்தது. அதை ஓர் ஆணின் கையில் நான் நேராகக் கொடுத்தால் ஊர் இரண்டாகிவிடும் என்பதால், பழைய செய்தித்தாளில் பொதிந்து டென்னிசன் சாரிடம் கொடுப்பேன். அவர் அதை ஸ்கூட்டர் டப்பாவில் வைத்துப் பூட்டுவார். அங்கிருந்து அது எங்கே போகும் என்று நான் கேட்டதில்லை.

எங்கள் இருவருக்கும் மேலே பெரிய டாக்டர். பச்சை மையில்தான் கையெழுத்துப் போடுவார், பேனாவை மூடிய பிறகுதான் நிமிர்ந்து பார்ப்பார். காரியம் நல்லபடி நடந்தால் "நாம்" என்பார். கெட்டுப்போனால் "நீங்கள்" என்பார். மாதக் கூட்டத்தில் அவருடைய முதல் சொல்லைக் கேட்டே அந்த மாதம் எப்படி என்று எல்லோரும் தெரிந்துகொள்வோம். பெண் ஊழியர்களை "அம்மா" என்று அழைப்பார். அம்மா என்றால் ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம்.

இருபது வருடத்துக்கும் முந்தைய கதை இது. சுகந்திக்கு அப்போது இருபத்தெட்டு வயது. இரண்டு பெண் பிள்ளைகள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். இருதய வால்வில் கோளாறு. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்: இன்னொரு பிரசவத்தை இவள் தாங்க மாட்டாள், கருத்தடை ஆப்பரேஷனுக்கு மயக்கம் கொடுப்பதும் ஆபத்து. மிச்சம் இருப்பது கணவன். செல்வின், மஸ்கட்டில் எலக்ட்ரீஷியன், இரண்டு மாத லீவில் வந்திருந்தார்.

டென்னிசன் சாரை அனுப்பினேன். அவர் போன வேகத்திலேயே திரும்பி வந்தார்.

"சிஸ்டர், அவன் சரின்னு சொல்லிட்டான்."

"சும்மா சொல்லாதுங்கோ சார்."

"சத்தியமா. எப்ப வரணும்னு கேக்கான். நான் என்ன சொல்லியதுன்னு தெரியாம வந்துட்டேன்."

பெண்களிடம் பேசுவது என் வேலை அல்லவா, அந்த வீட்டுப் பெண்களைச் சமாதானப்படுத்த நான் போனேன். செல்வினின் அம்மா முற்றத்தில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டாள். "எனக்க மோனுக்குக் கத்தி வைக்கியதுக்கா சர்க்கார் சம்பளம் தருது உனக்கு?" சுகந்தியோ அதற்கும் மேலே. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கியபடியே, "அவருக்கு வேண்டாம் சிஸ்டர், பாரம் தூக்கிய ஆளு" என்றாள். செல்வின் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்: "நான் வயரு இழுக்கியவனாக்கும். என்னத்தப் பாரம் தூக்கினேன்?"

லீவின் பத்தாம் நாள் ஆப்பரேஷன் நடந்தது. பத்து நிமிட வேலை. நடந்து வந்தார், சாயா குடித்தார், பஸ் ஏறிப் போனார். ஒரு வாரம் கழித்து பெரிய டாக்டர் விழா வைத்தார். செல்வினுக்குப் பொன்னாடை, மாலை, போட்டோ. "நாம் சாதித்துவிட்டோம்" என்று தொடங்கி முக்கால் மணி நேரம் பேசினார். அதே மாதம் வயிற்றில் தையலோடு வீட்டுக்குப் போன பெண்களுக்கு ஒரு பிச்சிப்பூகூட யாரும் கொடுக்கவில்லை. அவர்கள் சும்மா இருக்கிறவர்கள்தானே. அவர்களில் இரண்டு பேர் கைக்குழந்தையோடு நின்று கைதட்டியதை நான் பார்த்தேன். நானும் தட்டினேன்.

இந்த ஆப்பரேஷனில் ஒரு விஷயம் உண்டு. செய்த அன்றைக்கே பலன் வராது. மூன்று மாதம் வரை உடம்பில் ஏற்கனவே இருக்கிற விந்தணுவால் கர்ப்பம் உண்டாகலாம். அதுவரை உறை பயன்படுத்த வேண்டும், பிறகு பரிசோதனை செய்து உறுதிப்படுத்த வேண்டும். இதைக் கணவன் மனைவி இருவரிடமும் விளக்கிச் சொன்னதாக ஒரு படிவத்தில் குறி போட்டுக் கையெழுத்திட வேண்டும். நான் உறைப் பொட்டலத்தை வழக்கம்போல் செய்தித்தாளில் பொதிந்து டென்னிசன் சாரிடம் கொடுத்தேன். ஆணிடம் ஆண் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் மாதக் கூட்டம், படிவம் கேட்டார்கள். குறி போட்டேன், கையெழுத்துப் போட்டேன்.

செல்வின் மஸ்கட் போய் ஆறு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை காலை சுகந்தி மாமியாரோடு என்னிடம் வந்தாள். தலை சுற்றல், வாந்தி. இருதய மாத்திரையாக இருக்கும் என்றுதான் மூன்று பேரும் நினைத்தோம். சிறுநீர்ப் பரிசோதனை செய்து பார்த்தேன். கர்ப்பம்.

இந்த இடத்தை எழுதத்தான் எனக்குக் கஷ்டம். படித்தவள் நான், விதி தெரிந்தவள். ஆனாலும் தலை நிமிர்ந்து சுகந்தியைப் பார்த்த அந்த ஒரு நொடி, நானும் அவளை அந்த மாதிரிதான் பார்த்தேன். ஆப்பரேஷன் செய்துகொண்டவன் மனைவிக்கு எப்படி, என்று. அவள் என் கண்ணைப் பார்த்துவிட்டாள்.

"அக்கா, நீங்களுமா?" என்றாள். அதுவரை என்னை சிஸ்டர் என்றுதான் அழைப்பாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "செல்வின் இங்க இருக்கும்போ உறை உபயோகிச்சீங்களா?"

"என்ன உறை?"

வாசலில் நின்ற மாமியாருக்கு எல்லாம் கேட்டுவிட்டது. மூன்று மாதக் கணக்கை நான் சொல்லத் தொடங்குமுன் சுகந்தியை இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். அன்றைக்கு மஸ்கட்டில் விடுமுறை, மத்தியானம் செல்வின் வீட்டுக்குப் போன் செய்யும் நாள். மாமியார் போனை எடுத்து என்ன சொன்னாளோ, செல்வினிடமிருந்து ஒரே ஒரு கேள்விதான் வந்தது: "யாருக்க பிள்ளைன்னு அவகிட்ட கேளு." சனிக்கிழமை காலையில் சுகந்தியை திற்பரப்புப் பக்கம் அவளுடைய அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு பிள்ளைகளையும் கூட அனுப்பவில்லை.

நான் டென்னிசன் சாரைத் தேடிப் போனேன்.

"மூணு மாசக் காரியம் செல்வின்கிட்ட சொன்னீங்களா?"

அவர் தொண்டையைச் செருமினார். "அது… பெண்ணுங்ககிட்ட நீங்க சொல்லியிருப்பீங்கன்னு நான்…"

"அவன்கிட்ட என்னதான் சொன்னீங்க?"

"முடிஞ்சு மக்கா, இனி ஒண்ணுக்கும் பயப்படண்டாம்னு சொன்னேன்."

ஸ்கூட்டர் டப்பாவைத் திறக்கச் சொன்னேன். சாவியை இரண்டு தடவை தவறவிட்டார். உள்ளே ஒரு ஸ்பானர், மழைக் கோட்டு, அவற்றுக்கு அடியில் நான் பொதிந்து கொடுத்த பொட்டலம். நூல்கூட அவிழ்க்கவில்லை. செல்வினுக்கு ஆப்பரேஷன் நடந்த நாளின் செய்தித்தாள் அது. வெட்கத்தைப் பெண்களின் குணம் என்று யார் சொன்னார்களோ, அவர்களை அந்த ஸ்கூட்டர் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும்.

திங்கட்கிழமை நான் போய் சுகந்தியை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். ஸ்கேன் எடுத்தார்கள். கரு உண்டாகி எட்டு வாரம் தாண்டியிருந்தது. செல்வின் விமானம் ஏறி ஆறு வாரம்தான் தாண்டியிருந்தது. கணக்குத் தெரிந்தவர்களுக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டாம். ஆனால் ஊருக்குத் தெரிந்த கணக்கு வேறு: ஆப்பரேஷன் ஆனவன், ஆகவே அவன் பிள்ளை அல்ல. டாக்டர் இன்னொன்றும் சொன்னார். இவள் உயிர் வேண்டுமென்றால் இந்தக் கர்ப்பத்தைக் கலைக்க வேண்டும், அதுவும் இன்னும் இரண்டு வாரத்துக்குள். தாமதிக்கத் தாமதிக்க இந்த இருதயத்துக்கு ஆபத்து.

சுகந்தி முடியாது என்றாள்.

"இப்பக் கலைச்சா, மறைக்கியதுக்குக் கலைச்சான்னு சொல்லுவாங்க. எனக்க ரெண்டு பிள்ளைகளும் அதக் கேட்டுத்தானே வளரணும்? பெத்துட்டுச் சாவேன் அக்கா. முகத்தப் பாத்தாவது தெரியட்டு."

"லூசுத்தனமாப் பேசாத."

"அப்பம் அவரு வாயால சொல்லட்டு, அது அவருக்க பிள்ளைன்னு. அதுக்குப் பொறவு நீங்க சொல்லிய இடத்தில வந்து கிடக்கேன்."

ஓர் உயிர் போகும், அதற்கு நான் போட்ட ஒரு குறிதான் காரணம். இதை வேறு மாதிரி சொல்லிப் பார்க்க நான் பல வருடம் முயன்றிருக்கிறேன், வேறு மாதிரி சொல்ல முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை பெரிய டாக்டரிடம் போனேன். விஷயத்தைக் கேட்டார். பேனாவை மூடினார்.

"அம்மா, நீங்கள் என்ன செய்து வைத்திருக்கிறீர்கள்?"

நாம் சாதித்த ஆப்பரேஷன் மூன்றே மாதத்தில் நீங்கள் செய்ததாக மாறிவிட்டது. அந்த வீட்டாருக்கு நடந்ததை விளக்கி நிலையத்தின் சார்பில் ஒரு கடிதம் வேண்டும் என்றேன். வாயால் சொன்னால் நம்பமாட்டார்கள், காகிதத்தைத்தான் நம்புவார்கள்.

"எழுத்தில் எதுவும் வேண்டாம் அம்மா. நம்முடைய நிலையத்தை மாவட்ட விருதுக்குப் பரிந்துரைத்திருக்கிறார்கள். செல்வின் போட்டோ போயிருக்கிறது. நீங்கள் அந்தப் பெண்ணுக்குத் தனியாக ஆறுதல் சொல்லுங்கள்."

"ஆறுதல் வேண்டாம் சார், அவளுக்கு அத்தாட்சி வேண்டும்."

"அதற்கு நம்மிடம் படிவம் கிடையாதே" என்றார். அது உண்மைதான். தப்பு செய்துவிட்டோம் என்று சொல்வதற்கு எங்கள் துறையில் படிவம் அச்சிட்டிருக்கவில்லை.

வெள்ளைத்தாள் எடுத்து நானே எழுதினேன். செல்வினுக்கும் சுகந்திக்கும் மூன்று மாத விதியைச் சொல்லவில்லை, உறை கொடுக்கவில்லை, சொன்னதாகப் பொய்யாகக் குறி போட்டேன். குழந்தை செல்வின் ஊரில் இருந்தபோது உண்டானது, இதில் சுகந்தியின் மேல் எந்தத் தப்பும் இல்லை. கீழே நிலையத்தின் முத்திரையைக் குத்தினேன். டென்னிசன் சாரையும் கையெழுத்துக் கேட்டேன். தாளை மூன்று தடவை படித்தார்.

"சின்னதாப் போட்டாப் போதுமா சிஸ்டர்?"

"வாசிக்கிய மாதிரி இருந்தாப் போதும் சார்."

வெள்ளிக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் செல்வின் வீட்டில் போய் உட்கார்ந்தோம். மாமியார் தண்ணீர்கூடத் தரவில்லை. போன் அடித்தது, நான் எடுத்தேன். கடிதத்தை முழுவதும் வாசித்தேன். "டென்னிசன் சார் அங்க இருக்காரா?" என்று கேட்டார் செல்வின்.

போனைக் கொடுத்தேன். நான், மாமியார், எட்டிப் பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரி, மூன்று பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, டென்னிசன் சார் சட்டை முதுகோடு ஒட்ட, நெற்றி வியர்வை மூக்கில் வழிய, மூன்று மாதத்துக்கு முன் ஒரு மரத்தடியில் தனியாகச் சொல்லியிருக்க வேண்டியதை ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். "மூணு மாசம்… ஆமா, மூணு மாசம். சொல்லல்ல மக்கா. வெக்கமாட்டு இருந்து. தப்பு எங்களுக்குத்தான்." சொல்லி முடித்ததும் அவர் சாகவில்லை. ஊரும் இரண்டாகவில்லை.

போன் திரும்ப என் கைக்கு வந்தது. செல்வின்தான் பேசினார்.

"சரி சிஸ்டர். எனக்க பிள்ளதான். நான் அவள மன்னிச்சிட்டேன்னு சொல்லுங்க."

பக்கத்தில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த மாமியார் மூக்கைச் சிந்தினாள். "எனக்க மோனுக்கு அவ்வளவு நல்ல மனசு."

நான் திற்பரப்புக்குப் பஸ் ஏறினேன். அருவியில் குளிக்கப் போகிற கூட்டம் பாட்டும் கைதட்டலுமாக வந்தது. அதற்கு நடுவே நான் ஒரு மன்னிப்பைப் பத்திரமாகக் கொண்டுபோனேன். செய்யாத தப்புக்குக் கிடைத்த மன்னிப்பு. சுகந்தி பின்பக்கக் கல்லில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அந்த உடம்போடு. எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டுத் துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள்.

"அவருக்க பிள்ளைன்னு சொன்னாரா?"

"சொன்னாரு."

"அது போதும், நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு வாறேன். பொறவு அக்கா, அடுத்த வெள்ளிக்கிழமை அவரு கூப்பிட்டா, நான் அவர இன்னும் மன்னிக்கல்லன்னு சொல்லிருங்க."

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் நான்தான் உடனிருந்தேன். பிழைத்துக்கொண்டாள். திரும்பி வருகிற பஸ்ஸில் என்னிடம், "பெண்ணா இருக்குமோ, ஆணா இருக்குமோ?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். உண்மையிலேயே கருவின் அந்த வயதில் தெரியாது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் அழுதேன். கண்டக்டர் எனக்குத்தான் உடம்பு சரியில்லை என்று நினைத்து முன் சீட்டில் இடம் பிடித்துத் தந்தார்.

ஒரு மாதம் கழித்து எனக்கு மெமோ வந்தது. "படிவமற்ற தாளில் அலுவலக முத்திரை இட்டு, துறையின் நற்பெயருக்குக் களங்கம் விளைவித்தமை." எழுதியது பொய் என்று அதில் எங்கும் இல்லை. பொய்யாகக் குறி போட்ட படிவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை, அது படிவத்தில் போட்ட பொய் அல்லவா. கீழே பச்சைக் கையெழுத்து. அதைக் கருங்கல் சந்தையில் ஒரு கடையில் கொடுத்துச் சட்டம் போட்டு, எங்கள் கல்யாணப் போட்டோவுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். இரண்டில் எது அதிக நாள் என்னைக் காப்பாற்றியது என்று என் கணவர் கேட்பதில்லை.

சுகந்தி பிள்ளைகளுக்காக அந்த வீட்டுக்கே திரும்பிப் போனாள். பிறகு வால்வு மாற்றினார்கள், இப்போது நன்றாக இருக்கிறாள். மகள்கள் இருவரும் வெளிநாட்டில் வேலை. செல்வின் ஊரோடு வந்துவிட்டார், மீன் குழம்பு நன்றாக வைப்பாராம். வெள்ளிக்கிழமை மத்தியானம் மகள்களின் அழைப்புக்காக போனைத் துடைத்து முன்னால் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். சந்தையில் சுகந்தியைப் பார்க்கும்போதெல்லாம் நான் கேட்பேன், மன்னிச்சாச்சா என்று. "யோசிச்சிட்டு இருக்கேன் அக்கா" என்பாள்.

இப்போது ஷைனியின் போனுக்கு வருகிறேன். காலம் மாறிவிட்டது என்கிறார்கள், மாறித்தான் இருக்கிறது. அன்றைக்கு விமானம் ஏறியவன் ஆண், வீட்டில் இருந்தவள் பெண். இன்றைக்குப் பெண் ஏறுகிறாள், ஆண் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டுகிறான். ஆனால் இந்த மூன்று மாதத்துக்குள் ஏதாவது நடந்தால், அன்றைக்கு இங்கே இருந்ததற்காக அவள்மேல் வந்த சந்தேகம், இன்றைக்கு அங்கே போனதற்காக அவள்மேலேயே வரும். விமானத்தில் யார் ஏறினாலும் சந்தேகம் ஒரே வீட்டுக்காரியிடம்தான் வந்து இறங்குகிறது. அதனால்தான் கத்தினேன்.

திரும்பக் கூப்பிட்டேன். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். ஷைனி முதலில் திக்கினாள், பிறகு அந்த ஆணையும் அவன் மனைவியையும் நேராகப் பார்த்து மூன்று மாதத்தையும் சொன்னாள், உறையையும் சொன்னாள், பரிசோதனையையும் சொன்னாள். பொட்டலத்தை அவன் கையிலேயே கொடுத்தாள், செய்தித்தாள் இல்லாமல். எனக்கு அத்தோடு திருப்தி. போனை வைக்கப் போனேன்.

அப்போது அந்த ஆளின் குரல் கேட்டது. "சிஸ்டர், ஒரு சம்சயம். இந்த மூணு மாசத்துக்குள்ள ஏதாவது ஆயிப் போச்சுன்னு வைங்கோ. இவ அங்க இருப்பா. இங்க எனக்க அம்மையும் ஊருகாரங்களும் சும்மா இருக்கமாட்டாங்க. நானும் மனுஷன்தானே, அந்த நேரம் என்ன பேசுவேன்னு எனக்கே தெரியாது. அதனால, அது எனக்க பிள்ளதான்னு இப்பமே எழுதி ஒப்பு போட்டு இவ கையில குடுத்திரலாம்னு பாக்கேன்."

நாற்பது வருடம் ஆண்களைக் கிண்டல் செய்தே பழகிய வாய் என்னுடையது. அந்த நேரம் பார்த்து அதிலிருந்து ஒரு கிண்டலும் வரவில்லை.

"அக்கா, லைன்ல இருக்கியளா?" என்றாள் ஷைனி. "அதுக்கு ஃபாரம் உண்டுமா?"

"இல்ல பிள்ளே. வெள்ளைத்தாள் எடு. முத்திரையப் பக்கத்தில வை. நான் சொல்லச் சொல்ல எழுது."

"மெமோ வருமோ அக்கா?"

"வந்தா எனக்கிட்ட கொண்டா. சட்டம் போடுற கடை எனக்குத் தெரியும்."